இறால் அலர்ஜி இருக்கு, சைகோனில் பெரிய விருந்து: போகலாமா டாக்டர்?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கும் 36 வயது வாசகி எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் வேலை விஷயமாக வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்கு, அதாவது பழைய சைகோனுக்குப் போகிறார். ஐரோப்பிய பையர் ஒருவரின் அலுவலகம் அங்கே இருக்கிறது. அதன் மேலாளர் அம்மணி இவருக்காக நகரத்தின் பெயர்பெற்ற நவீன வியட்நாமிய உணவகம் ஒன்றில் மேசை பதிவு செய்திருக்கிறார். பத்துச் சொச்சம் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் டேஸ்டிங் மெனு. என்ன வேண்டும் என்று நாம் கேட்க முடியாது, ஷெஃப் அனுப்புவதுதான் சாப்பாடு.

பிரச்சினை, இவருக்கு இறால் ஆகாது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ரிசப்ஷனில் இறால் தொக்கு சாப்பிட்டு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, பக்கத்துக் கிளினிக்கில் ஏவில், டெக்ஸா ஊசி போட்டு அனுப்பினார்கள். போன வருடம் கடற்கரைப் பக்கம் போனபோது இரண்டு ஸ்பூன் நண்டு சூப் குடித்ததும் தொண்டை இறுகி, விடாத இருமல், அப்புறம் வாந்தி. செட்ரிசின் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார். "லேசா வந்துட்டுப் போச்சு" என்கிறார். நெத்திலியும் வஞ்சிரமும் பிரச்சினை இல்லையாம். மார்கழியில் வீசிங் வரும், இன்ஹேலர் உண்டு. தூசி பட்டால் அடுக்குத் தும்மல். முதுகுவலிக்கு அவ்வப்போது வலி மாத்திரை.

இவர் போட்டிருக்கும் திட்டம் இது: கிளம்பும் முன் ஒரு செட்ரிசின், இறால் தெரிந்தால் ஒதுக்கிவைப்பது, முடியாவிட்டால் "நான் வெஜிடேரியன்" என்று சொல்லிவிடுவது, அலர்ஜி என்ற பேச்சையே எடுக்காமலிருப்பது. பையர் முன்னால் அது சங்கடம் என்கிறார். கணவர் போகவே வேண்டாம் என்கிறார். மாமியாரோ இது வெறும் சூடு, மோர் குடித்தால் போதும் என்கிறார். அங்கே எல்லாவற்றிலும் ஊற்றும் மீன் சாஸ் சாப்பிடலாமா, ஏதாவது ஆனால் உணவகம் பொறுப்பேற்குமா, இன்ஷூரன்ஸ் வருமா, மேசையில் மற்றவர்கள் இறால் சாப்பிட்டாலே ஆபத்தா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

விருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த நண்டு சூப்பைப் பற்றிப் பேசியாக வேண்டும். தொண்டை இறுக்கமும் இருமலும் மூச்சுப்பாதையில் நடந்தவை, வாந்தி வயிற்றில் நடந்தது. ஒவ்வாமைப் பொருள் ஒன்று உள்ளே போன கொஞ்ச நேரத்தில் உடம்பின் இரண்டு மண்டலங்கள் சேர்ந்து இப்படிப் பாதிக்கப்பட்டால் அதற்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயர். அது லேசாக வந்துபோன ஒன்று இல்லை. அன்றைக்கு அது தானாக அடங்கியது உங்கள் அதிர்ஷ்டம், செட்ரிசினின் வேலை இல்லை. இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. முதல்முறை தோலோடு நின்றது, இரண்டாம் முறை தொண்டைக்கு வந்தது, அதுவும் இரண்டே ஸ்பூனில். மூன்றாவது முறை எப்படி இருக்கும் என்று முந்தைய இரண்டையும் வைத்து யாராலும் கணிக்க முடியாது. போனமுறை அடங்கியது போல இந்த முறையும் அடங்கும் என்று மட்டும் தயவுசெய்து நினைக்காதீர்கள்.

மாமியார் சொல்லும் சூடு பற்றி ஒரு வார்த்தை. அவர் அக்கறையோடுதான் சொல்கிறார், அதனால் வீட்டில் சண்டை வேண்டாம். ஆனால் காரணம் சூடு இல்லை. இறாலின் தசையில் ட்ரோபோமயோசின் என்றொரு புரதம் இருக்கிறது. உங்கள் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டுவிட்டது. வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்தப் புரதம் சிதையாது, அதனால் "நல்லா வெந்தா ஒண்ணும் ஆகாது" என்பதும் தவறு. இறால், நண்டு, சிங்கி இறால் எல்லாவற்றிலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால்தான் இறாலில் தொடங்கியது நண்டிலும் வந்தது. வெளிநாட்டு இறால் வேறு என்று நினைக்கவும் இடமில்லை. நம் கடலோரப் பண்ணைகளில் வளர்க்கும் வனாமி இறாலைத்தான் வியட்நாமின் மீகாங் டெல்டாப் பண்ணைகளிலும் வளர்க்கிறார்கள்.

இன்னொன்று, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய தூசித் தும்மல். வீட்டுத் தூசியில் இருக்கும் மைட் என்ற நுண்பூச்சியிலும் கரப்பான் பூச்சியிலும் இதே குடும்பத்துப் புரதம் உண்டு. தூசி அலர்ஜியும் இறால் அலர்ஜியும் ஒரே ஆளிடம் அடிக்கடி சேர்ந்திருப்பதற்கு இது ஒரு காரணம். வீசிங்கையும் சாதாரணமாக விட வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு உணவு ஒவ்வாமை வந்தால் மூச்சுக் கோளாறு கடுமையாக வாய்ப்பு அதிகம், அதுவும் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாதபோது. பயணத்துக்கு முன் அதைச் சரியான நிலைக்குக் கொண்டுவருவது விருந்துக்கான தயாரிப்பில் பாதி.

செட்ரிசின் கவசம் இல்லை

உங்கள் திட்டத்தில் எனக்குப் பெரிய கவலை இதில்தான். செட்ரிசினும் ஏவிலும் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அவ்வளவுதான். தொண்டை வீங்குவதையோ மூச்சுக்குழாய் சுருங்குவதையோ ரத்த அழுத்தம் விழுவதையோ அவை தடுக்காது. முன்கூட்டியே போட்டுக்கொண்டு போனால் இன்னொரு சிக்கல்: முதலில் தெரிய வேண்டிய தடிப்பும் அரிப்பும் மறைந்துவிடும், நீங்கள் ஆறாவது தட்டில் இருக்கும்போதுதான் மூச்சுத் திணறலே தெரிய வரும். டெக்ஸா போன்ற ஸ்டீராய்டு வேலை செய்யவே சில மணி நேரம் ஆகும்.

அனஃபிலாக்சிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும், பெரியவர்களுக்குப் பொதுவாக 0.3 முதல் 0.5 மில்லிகிராம். குறையவில்லை என்றால் 5 முதல் 15 நிமிடத்தில் இன்னொன்று. பேனா மாதிரி இருக்கும் ஆட்டோ இன்ஜெக்டர் நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் 1 மில்லியில் 1 மில்லிகிராம் இருக்கும் ஆம்பூல் கிடைக்கும், அதைச் சிரிஞ்சில் எடுத்துப் போடுவதை ஒரு மருத்துவர் உங்களுக்குக் கையில் பிடித்துச் சொல்லித்தர வேண்டும். கடிதத்தைப் படித்துவிட்டு நீங்களாக வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள். உங்கள் எடைக்கான அளவை அவர் எழுதித் தரட்டும். கூடவே, மருந்தின் பெயர், காரணம், சிரிஞ்சு வைத்திருப்பதற்கான அனுமதி எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் அது கைப்பையில் வர வேண்டும். விருந்தன்றும் கைப்பையில்தான், ஹோட்டல் அறையில் பத்திரமாக இருந்து பிரயோஜனம் இல்லை.

இறால் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது

தெரிந்தால் ஒதுக்கிவிடுவேன் என்கிறீர்கள். வியட்நாமியச் சமையலில் இறால் பல நேரம் இறாலாகத் தெரியாது. அதிலும் இந்த நவீன உணவகங்களின் பாணியே தெருவோரச் சாப்பாட்டை எடுத்துப் பிரித்து, ஒரு வாய் அளவுக்குச் சுருக்கி, வேறு உருவத்தில் வைப்பதுதான். பீட்டர் குவோங் ஃபிராங்க்ளின் என்ற ஷெஃப் 2017ல் சைகோனில் பழைய சந்தைத் தெரு ஒன்றில் தொடங்கிய அனான் என்ற உணவகம் அந்த வகைக்கு நல்ல உதாரணம். 2023 ஜூனில், சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிச்செலின் வழிகாட்டி முதன்முதலாக வியட்நாமுக்கு வந்தபோது நாடு முழுக்க நான்கு உணவகங்களுக்குத்தான் நட்சத்திரம் கிடைத்தது, சைகோனில் இது ஒன்றுக்கு மட்டும். சந்தையும் தெருக்கடையும் இப்படி மேசைக்கு வருவது அழகான விஷயம், நானும் ரசிப்பேன். ஆனால் அலர்ஜி உள்ளவருக்குத் தட்டைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க வழியில்லாமல் போகிறது.

பான் ஸேவோ என்று ஒன்று வரும், அரிசிமாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து மொறுமொறுவென்று சுட்டது. நம் தோசை மாதிரியே இருப்பதால் ஆசையாகக் கை போகும், உள்ளே வழக்கமாக இறாலும் பன்றிக்கறியும்தான். ஹுவே நகரத்து பான் பேவோ, சின்னக் கிண்ணத்தில் வெள்ளையாக ஆவியில் வெந்தது, மேலே தூவுவது பொடித்த காய்ந்த இறால். தலாத் பக்கம் கரியில் சுடும் அரிசித்தாளிலும் காய்ந்த இறால் போடுவது வழக்கம். பப்பாளிக்காய் சாலட்டிலும் அது சேரலாம், அந்தச் சாலட்டை அள்ளிச் சாப்பிடக் கொடுக்கும் அப்பளம் போன்ற சிப்ஸே பல நேரம் இறால் மாவில் செய்தது. மாட்டுக்கறி நூடுல்ஸ்தானே என்று நினைத்தால், ஹுவே பாணி பூன் போ சூப்பின் அடிவாசனையே மாம் ரூவோக் என்ற சின்ன இறால் விழுதிலிருந்து வருகிறது. வடக்கே மாம் தோம் என்ற ஊதா நிற இறால் விழுது உண்டு, அதன் வாசனை உங்களை எச்சரித்துவிடும். ரூவோக் சூப்பில் கரைந்துவிடுவதால் எச்சரிக்காது.

பலருக்கும் தோன்றாத இடம் பழத்தட்டு. தாய் நின் மாகாணத்தின் பெயர்பெற்ற இறால் உப்பு, மிளகாயும் உப்பும் காய்ந்த இறாலும் சேர்த்து அரைத்தது. நாம் மாங்காய்க்கு மிளகாய்ப்பொடி தொட்டுக்கொள்வது போல அங்கே மாங்காய்க்கும் கொய்யாவுக்கும் அதைத்தான் தொட்டுக்கொள்வார்கள். பழம் சேர்த்த இனிப்புத் தட்டிலோ, குடிக்கும் கிளாஸின் விளிம்பிலோ அது இருக்கலாம். "வெஜிடேரியன்" என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது என்பதற்கு இதுவே போதும். வெஜிடேரியன் என்பதை ஷெஃப் உங்கள் விருப்பமாக எடுத்துக்கொள்வார். தட்டில் கறி இருக்காது, ஆனால் இறாலைப் பொரித்த அதே எண்ணெயில் காய்கறி பொரியலாம், அதே கத்தி, அதே பலகை வரலாம். அலர்ஜி என்று சொன்னால்தான் சமையலறை வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

மீன் சாஸ் விஷயத்தில் நல்ல செய்தி உண்டு. அவர்களின் நுவோக் மாம் நெத்திலி வகை மீனை உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடிப்பது. ஃபூ குவோக் தீவு அதற்குப் பேர்போனது. மீன் அலர்ஜியும் இறால் அலர்ஜியும் வேறு வேறு புரதங்களால் வருபவை. நீங்கள் நெத்திலியை நிம்மதியாகச் சாப்பிடுகிறவர் என்பதால் நல்ல மீன் சாஸ் உங்களுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். அதில் இறால் எதுவும் சேரவில்லையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். (நம் ஊரிலும் நெத்திலிக் கருவாட்டில் பொடி இறால் கலந்திருப்பது சகஜம், வாங்கும்போது பார்த்துப் பொறுக்குங்கள்.) கணவாய், சிப்பி, ஆய்ஸ்டர் சாஸ் இவற்றில் ஒற்றுமை குறைவு, சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இதுவரை நீங்கள் சாப்பிட்டுப் பழகாத எதையும் அந்தப் பயணத்தில் தொடங்க வேண்டாம். முக்கியமாக நத்தை. சைகோன்காரர்களுக்கு நத்தை என்றால் உயிர், ஆனால் தூசி மைட் அலர்ஜி உள்ள சிலருக்கு அது கடுமையான எதிர்வினையைக் கொடுத்திருக்கிறது.

சொல்வதில் என்ன சங்கடம்

பையர் முன்னால் அலர்ஜியைப் பற்றிப் பேசினால் விருந்தைக் கெடுத்தவர் ஆகிவிடுவோமோ என்று நினைக்கிறீர்கள். நிலைமை நேர்மாறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவகங்கள் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம், இறால் நண்டு வகை அதில் ஒன்று. உங்கள் பையர் தினசரி அந்தச் சூழலில் வாழ்கிறவர், அவருக்கு இது அரிசி வேண்டுமா ரொட்டி வேண்டுமா என்பது போலச் சாதாரணக் கேள்வி. இந்த மாதிரி உணவகங்களும் மேசை பதிவின்போதே அலர்ஜி இருக்கிறதா என்று கேட்பது வழக்கம். டேஸ்டிங் மெனுவுக்குக் குழம்பும் விழுதும் முந்தைய நாளே தயாராகிவிடும் என்பதால், போய் உட்கார்ந்த பிறகு சொன்னால்தான் அவர்களுக்குச் சிரமம். ஒரு வாரம் முன்பே சொன்னால் வேலை முடிந்தது.

அந்த மேலாளர் அம்மணிக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் போதும்: "விருந்துக்கு மிக்க நன்றி, ஆவலாக இருக்கிறேன். எனக்கு இறால், நண்டு வகைகளுக்குக் கடுமையான அலர்ஜி, கொஞ்சம் பட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டி வரும். காய்ந்த இறால், இறால் விழுது, இறால் உப்பு, பொரிக்கும் எண்ணெய் எல்லாம் சேர்த்து, உணவகத்தால் தவிர்க்க முடியுமா என்று கேட்டுச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் நாம் வேறு இடம் பார்க்கலாம்." கடைசி வரியை வெட்டிவிடாதீர்கள். அவர்கள் நேர்மையாக "முடியாது" என்று சொல்வதற்கு அது வழிவிடுகிறது. எங்களால் உறுதி தர முடியாது என்று ஒரு உணவகம் சொன்னால் கோபப்படாதீர்கள், அவர்கள் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்கள்.

இதே விவரத்தை வியட்நாமிய மொழியில் எழுதிய ஒரு அட்டையாக அவரிடமே கேட்டு வாங்கிப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிப் பார்க்க வேண்டாம், அந்த மொழியில் தொனி மாறினால் பொருளே மாறிவிடும். உணவகத்தில் உட்கார்ந்ததும் பரிமாறுபவரிடம் அட்டையைக் காட்டி, சமையலறைக்குப் போய்வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு தட்டிலும் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் அந்தத் தட்டை விட்டுவிடுங்கள். மாலை முழுக்க தங்கள் உணவைப் பற்றிச் சொல்வது அவர்களுக்கும் பிடித்த வேலை. அந்த நவீன உணவகச் சமையற்காரர்களில் பலர் கேள்வி கேட்கும் விருந்தாளியைத்தான் விரும்புகிறார்கள்.

அன்றைய மாலையில் இன்னும் சில விஷயங்கள். முதுகுவலிக்கான ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளும் மதுவும் எதிர்வினையைத் தூண்டவோ கூட்டவோ செய்யும். அன்று இரண்டையும் விட்டுவிடுங்கள், தட்டுக்குத் தட்டு ஒயின் ஊற்றுவார்கள், வேண்டாம் என்று சொல்வதில் தப்பில்லை. மேசையில் ஒருவருக்காவது ஊசி எங்கே இருக்கிறது, எப்போது போட வேண்டும் என்று தெரிந்திருக்கட்டும். வாய் அரிப்போடு தொண்டை மாற்றமோ, இருமலோ, திரும்பத் திரும்ப வாந்தியோ, தலைசுற்றலோ வந்தால் காத்திருக்காமல் ஊசி. பிறகு படுத்துக் காலை உயர்த்த வேண்டும், மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரலாம். எழுந்து டாய்லெட்டுக்கு நடப்பது கூடவே கூடாது, சங்கடப்பட்டு அங்கே போய்த் தனியாக மயங்குகிறவர்கள் உண்டு. வியட்நாமில் ஆம்புலன்ஸ் எண் 115. மொழிக்காக உள்ளூர்க்காரர் பேசட்டும், அவசரப் பிரிவு உள்ள பக்கத்து மருத்துவமனை எது என்று முன்பே அவரிடம் கேட்டு வையுங்கள். ஊசி போட்டதும் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரக்கூடும்.

பொறுப்பும் இன்ஷூரன்ஸும்

நான் வக்கீல் இல்லை, அதனால் சுருக்கமாக. நீங்கள் சொல்லாத அலர்ஜிக்கு உணவகத்தைக் குறை சொல்ல முடியாது. எழுத்தில் சொல்லி, அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால்தான் பேசவே ஏதாவது இருக்கும், அதற்கும் அந்த மின்னஞ்சல்தான் ஆதாரம். பயணக் காப்பீட்டில் ஆஸ்துமாவையும் அலர்ஜியையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோயைச் சொல்லவில்லை என்ற காரணம் காட்டி மறுப்பதற்குப் பல பாலிசிகளில் இடமிருக்கிறது. கம்பெனி எடுத்துத் தருகிறது என்றால் எச்ஆரிடம் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அப்படியானால் போகலாமா? ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இருந்து, அட்ரினலின் கையில் இருந்து, உணவகம் முன்கூட்டியே தெளிவாக "முடியும்" என்று சொல்லியிருந்தால் போங்கள், உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த மேசையில் சாப்பிட வேண்டாம். ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பேச்சுத் துணைக்கு உட்காரலாம், அல்லது வேறு இடம் கேட்கலாம். நாளை எல்லா ஊருக்கும் போகப்போகிறவர் நீங்கள், வீட்டிலேயே இருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிளம்பும் முன் ஒரு ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்து இறால், நண்டு, கணவாய், தூசி மைட் எல்லாவற்றுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தோல் பரிசோதனைக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே செட்ரிசினை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் முடிவு தப்பாக வரும். ரத்தப் பரிசோதனைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

பக்கத்தில் இருப்பவர் இறால் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். சாப்பிடலாம், ஆறிய தட்டு எதிரில் இருப்பதால் மட்டும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் இறால் வதக்கும்போதும் சுடும்போதும் எழும் ஆவியில் அந்தப் புரதம் மிதக்கும், வீசிங் உள்ளவர்களுக்கு அது போதும். இந்த உணவகங்களில் ஷெஃப் கண்ணெதிரே சமைக்கும் கவுண்டர் இருக்கைதான் மதிப்பான இடம் என்று அதையே பதிவு செய்திருப்பார்கள். மின்னஞ்சலில் ஒரு வரி சேர்த்து, அடுப்பிலிருந்து தள்ளி உள்ளே ஒரு மேசை கேட்டுக்கொள்ளுங்கள்.